பெரிய சனிக்கிழமை அடக்கம்

எங்கள் கோயிலில் காலத்துக்கு மரியாதை கிடையாது. இதை நான் இருபத்திரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், யார் காதிலும் ஏறவில்லை. திருவருகைக் காலம் என்று நான்கு வாரங்களைத் திருச்சபை ஒதுக்கி வைத்திருக்கிறது. எதற்கு? காத்திருப்பதற்கு. ஊதா நிறம், அடக்கமான பாட்டு, பூ கொஞ்சமாக. இவர்களோ நவம்பர் கடைசியிலேயே நட்சத்திரம் கட்டி, சீரியல் விளக்குகளை மின்னவிட்டு, பிறக்காத பிள்ளைக்குப் பிறந்தநாள் கொண்டாடி முடித்துவிடுவார்கள். இருபத்தைந்தாம் தேதிதான் கிறிஸ்து பிறப்புக் காலமே தொடங்குகிறது. இருபத்தாறாம் தேதி காலையில் குடிலைப் பிரிக்க ஏணியோடு ஆள் வந்து நிற்பான். "மூணு ராஜாக்கள் இன்னும் வந்தே சேரலை, அதுக்குள்ள வீட்டைக் காலி பண்றீங்களா" என்று ஒரு வருடம் ஏணியைப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டேன். அன்றிலிருந்து எனக்கு வாயாடி என்று ஒரு பெயர்.

அதற்கு முன்பே இருந்த பெயர் காலண்டர். கோயில் துணிகள் என் பொறுப்பு. பகலெல்லாம் ஒரு தங்கும் விடுதியின் சலவைப் பிரிவில் விரிப்புகளும் துண்டுகளும் தேய்க்கிறேன். காலையும் மாலையும் கோயிலில் பீடத்துணி, சாமியாரின் பூசை உடுப்பு, கிண்ணம் துடைக்கும் சின்னத் துணிகள். அந்தச் சின்னத் துணியை முதலில் அலசிய தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றக்கூடாது, செடியின் வேரில் ஊற்ற வேண்டும். இது எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்குத் தெரியும். எந்த நாளுக்கு எந்த நிறம், எந்தத் திருநாள் எந்தக் கிழமையில் விழுகிறது, எதை எப்போது மூட வேண்டும், எப்போது திறக்க வேண்டும், எல்லாம் என் விரல் நுனியில். புதிதாக வருகிற சாமியார்கள்கூட "காலண்டரம்மா, நாளைக்கு சிவப்பா வெள்ளையா" என்று என்னைக் கேட்டுவிட்டுத்தான் தூங்கப் போவார்கள். இதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இருந்தது என்று சொல்ல வேண்டும்.

இதை வைத்து என்னைக் கிண்டல் செய்தே பொழுதைப் போக்கியவர் என் அண்ணன். வெல்டர். "என்ன காலண்டர், இன்னைக்குக் கடவுளுக்கு என்ன கலர் சட்டை" என்பார். வருடத்தில் இரண்டே முறைதான் கோயில் பக்கம் வருவார், கிறிஸ்து பிறப்புக்கும் உயிர்ப்புத் திருநாளுக்கும். நடுவில் ஏன் வருவதில்லை என்று கேட்டால், "நான் வர்ற ரெண்டு நாளும் அவரு நல்லாத்தான் இருக்காரு, நடுவுல போய் எதுக்குத் தொந்தரவு பண்ணணும்" என்பார். இதற்கெல்லாம் பதில் சொல்லி மாளாது.

அந்த அண்ணன் புனித வாரத்துச் செவ்வாய்க்கிழமை, பட்டறையில், கீழே கிடந்த முகமூடியை எடுக்கக் குனிந்தவர் நிமிரவில்லை. ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவருக்கு ஒரே மகள், வெளிநாட்டில் வேலை. கிடைத்த விமானத்தைப் பிடித்து வெள்ளிக்கிழமை மாலைதான் வந்து சேர முடியும், ஞாயிறு இரவு திரும்பியாக வேண்டும். ஆக, அடக்கம் சனிக்கிழமை காலை. பெரிய சனிக்கிழமை.

அண்ணி தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கிறவர். அதிகம் பேசமாட்டார், அழுவது அதைவிடக் குறைவு. புதன்கிழமை இரவு என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"அவரைக் கோயிலுக்குள்ள கொண்டு போகணும். ஆஸ்பத்திரியில இருந்து எடுத்து நேரா குழியில வச்சா நாய்க்குட்டியைப் புதைக்கிற மாதிரி ஆயிரும். ஞானஸ்நானம் அங்க, கல்யாணம் அங்க. கடைசியா ஒரு தடவை உள்ள போயிட்டு வரட்டும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். நீ அங்கதானே இருக்க, பாத்துச் சொல்லு."

"இதெல்லாம் ஒரு விஷயமா அண்ணி" என்றேன். அந்த நேரத்தில் உண்மையாகவே அது எனக்கு ஒரு விஷயமாகத் தெரியவில்லை. இருபத்திரண்டு வருடம் உழைத்த இடத்தில் என் அண்ணனுக்கு அரை மணி நேரம் கிடைக்காதா.

பெரிய வியாழன் காலை, கோயில் நிர்வாகத்தைக் கவனிக்கும் பங்குப் பேரவையின் செயலாளரைப் பார்க்கப் போனேன். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். நல்ல மனிதர் என்று எல்லாரும் சொல்வார்கள், நானும் சொல்லியிருக்கிறேன். கோயில் அலுவலகத்தில் உட்கார்ந்து, உயிர்ப்புத் திருநாளுக்கு எத்தனை தொட்டி வெள்ளைப் பூ என்று அலங்காரக்காரனிடம் பேசிக்கொண்டிருந்தார். ஆண்டவர் இன்னும் கடைசி ராச்சாப்பாட்டுக்கே உட்காரவில்லை, அதற்குள் உயிர்த்தெழ வைத்துவிட்டார்கள். தூண்களில் வெள்ளை ரிப்பன் சுற்றக் கம்பி கட்டியாகிவிட்டது. வேறு நாளாக இருந்தால் அங்கேயே ஒரு பிடி பிடித்திருப்பேன். அன்று வாயை மூடிக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன்.

அவர் அண்ணனுக்காக உண்மையாகவே வருத்தப்பட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"காலண்டரம்மா, உங்களுக்கு நான் சொல்லணுமா. வியாழன்ல இருந்து ஞாயிறு வரைக்கும் அடக்கம் கிடையாது."

"பெரிசா ஒண்ணும் வேண்டாம் சார். அரை மணி நேரம் உள்ள வச்சு சாமியார் ஒரு ஜெபம் சொன்னா போதும்."

"உள்ள வந்துட்டா அது அடக்கச் சடங்குதானே. கூடாதுன்னா கூடாதுதான். திங்கக்கிழமை வைங்களேன். மணி, பாட்டு எல்லாம் வச்சு ஜாம்ஜாம்னு பண்ணிரலாம்."

"என் அண்ணனைப் புதைக்கணும் சார், கட்டிக் கொடுக்கல. அவர் பொண்ணு ஞாயித்துக்கிழமை ராத்திரி கிளம்புறா."

"எனக்கு மட்டும் ஆசையா. சட்டத்தை நானா போட்டேன். சொல்லப்போனா இதை எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீங்கதான். ஏழு வருஷம் இருக்கும், ஏதோ ஒரு குழந்தைக்குக் கேட்டு வந்தாங்க. நீங்கதான் முடியாதுன்னு எடுத்துச் சொல்லி அனுப்புனீங்க. கோயில்னா இப்படி ஒருத்தர் இருக்கணும்னு அன்னைக்கே நான் நெனச்சேன்."

ஐஸ் வைக்கிறார் என்றுதான் அதை எடுத்துக்கொண்டேன். எப்போதோ யாருக்கோ எதையோ சொல்லியிருப்பேன், அதுவா இப்போது முக்கியம். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. வருடம் பூராவும் ஒரு சட்டத்தையும் மதிக்காத மனிதர். தவக்காலத்தில் பீடத்தில் பூ வைக்காதீர்கள் என்றால் கேட்கமாட்டார். பொதுக்காலத்துப் பச்சை உடுப்பு போட்டோவில் எடுபடவில்லை என்று வெள்ளையை எடுக்கச் சொல்லுவார். ஆயிரம் சட்டத்தைத் தூக்கி எறிந்துவிட்டு, என் அண்ணன் செத்துக் கிடக்கும்போது ஒரே ஒரு சட்டத்தை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

சாமியாரிடம் போனேன். இளைஞர். கோயிலுக்குள் அன்று மாலைச் சடங்குக்கு ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. சாமியார் கையால் காலைக் கழுவிக்கொள்ளப் போகிற பன்னிரண்டு பேரும் எந்த வரிசையில் உட்கார வேண்டும், எந்தக் காலை நீட்ட வேண்டும் என்று அளந்துகொண்டிருந்தார்கள். நான் சொன்னதைக் கேட்டுவிட்டுத் தரையைப் பார்த்தார்.

"நான் வந்து அஞ்சு மாசம்தான் ஆகுதும்மா. பேரவை ஒண்ணு சொல்லி, நான் ஒண்ணு சொன்னா நல்லா இருக்காது. நீங்க அவங்ககிட்டயே இன்னொரு தடவை பேசிப் பாருங்களேன்."

அன்று மாலை நான் தேய்த்துக் கொடுத்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பன்னிரண்டு பேர் காலடியில் மண்டியிடப் போகிறவர். ஒரு விதவைக்காக ஒரு கணக்கு வாத்தியாரிடம் ஒரு வார்த்தை பேச அவருக்கு முதுகெலும்பு இல்லை.  நன்றாக யோசித்துப் பாருங்கள். வருடத்தில் ஒரே ஒரு நாள்தான், பெரிய சனிக்கிழமைதான், கடவுளின் மகன் முழுநாளும் பிணமாகக் கிடக்கிற நாள். பூசை இல்லை, மணி இல்லை, நற்கருணைப் பேழை திறந்து காலியாகக் கிடக்கும், பீடத்தில் ஒரு நூல்கூட இருக்காது. செத்தவன் வீடு எப்படி இருக்குமோ அப்படித்தான் கோயில் இருக்கும். அந்த நாளில் கோயிலுக்குள் ஒரு பிணம் வரக்கூடாதாம்.

மதியம் அண்ணியிடம் போய்ப் பொரிந்து தள்ளினேன். செயலாளரைத் திட்டினேன், சாமியாரைத் திட்டினேன், ரிப்பனைத் திட்டினேன். அண்ணி எல்லாவற்றையும் கேட்டார். கேட்டுவிட்டு, முகவரி சரியில்லாத கடிதத்தைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்.

"அது எங்க போட்டிருக்கு?"

"எது?"

"கூடாதுன்னு. எங்கயோ எழுதித்தானே இருக்கும். நான் பாக்கணும்."

"புஸ்தகத்துல இருக்கு அண்ணி. எனக்குத் தெரியும்."

"உனக்குத் தெரியும். எனக்குத் தெரியாதே. எடுத்துட்டு வா."

எரிச்சலோடுதான் கிளம்பினேன். வழிபாட்டு நாள்காட்டி என்று வருடா வருடம் ஒரு சின்னப் புத்தகம் வரும். பூசை உடுப்பு அறையில், அலமாரிக்குப் பக்கத்தில், ஒரு பலகையில் சாய்த்து வைத்திருப்பேன். பக்கம் பறக்காமல் இருக்கத் துணி காயப்போடும் கிளிப்பை மாட்டிவிடுவேன். புனித வாரம் வந்தால் பெரிய வியாழன் பக்கத்தில் கிளிப்பைப் போட்டு அப்படியே விட்டுவிடுவது என் வழக்கம். அடுத்த தாளைத் திருப்ப வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. வெள்ளிக்கிழமை சிவப்பு, சனிக்கிழமை ஒன்றும் இல்லை, இரவு வெள்ளை. இதுகூடத் தெரியாமலா காலண்டர் என்று பெயர் வாங்கினேன். திங்கட்கிழமை புத்தகத்தை எடுத்து, மொத்தமாகத் தள்ளி, அடுத்த வாரத்தில் கிளிப்பைப் போடுவேன்.

வியாழன் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் அது இருந்தது. வியாழன் முதல் உயிர்ப்பு ஞாயிறு வரை இறந்தவர்களுக்கான அடக்கத் திருப்பலி நிறைவேற்றக்கூடாது. முற்றுப்புள்ளி. அத்தோடு பக்கம் முடிகிறது. அண்ணிக்குக் காட்டுவதற்காகக் கிளிப்பைக் கழற்றினேன். தாள் தானாகவே புரண்டது.

அடுத்த பக்கத்தின் முதல் வரி. ஆயினும், திருப்பலியின்றி, இறந்தவரின் உடலை ஆலயத்துக்குள் ஏற்று, வாசகமும் செபமும் கொண்ட அடக்கச் சடங்கை இந்நாள்களிலும் நடத்தலாம். பாடலும் மணியோசையும் தவிர்க்கப்பட வேண்டும்.

மூன்று தடவை படித்தேன். பூசைதான் கூடாது. உடல் வரலாம். அண்ணன் உள்ளே வரலாம். நின்ற இடத்திலேயே எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அடுத்த நொடியே, கணக்கு வாத்தியாரின் முகத்தில் இந்தப் பக்கத்தை விரித்துக் காட்ட வேண்டும் என்ற வெறியும் வந்தது. அவருக்கு மட்டும் காட்டினால் போதாது. பேரவையில் பதினோரு பேர், பதினோரு பேர் கையிலும் ஆளுக்கொரு தாள் கொடுத்து, இரண்டாம் பக்கம் என்று ஒன்று இருப்பதைப் படிக்க வைக்க வேண்டும். புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்கு ஓடினேன்.

கோயில் தெருவில் டயர் கடைக்கு அடுத்தது அந்தக் கடை. நான்கு வருடமாக இருக்கிறது. ஒரு பெண் தனியாக நடத்துகிறாள், முப்பத்தைந்து வயது இருக்கும். எங்கள் பாட்டுத் தாள்களையெல்லாம் அவள்தான் எடுத்துக் கொடுப்பாள். கோயிலுக்கு வருவதில்லை, வேறு சபையாக இருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். கேட்டதில்லை. நான் பேசுவேன், அவள் வேலையைப் பார்ப்பாள், அவ்வளவுதான் எங்கள் பழக்கம்.

"ரெண்டு பக்கம்மா, பதினோரு காப்பி, பின் அடிச்சுக் கொடு" என்று புத்தகத்தை நீட்டினேன். அவள் மிஷினைச் சூடாக்கினாள். சூடாகும்வரை என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அண்ணன் இறந்ததிலிருந்து செயலாளர் ஜாம்ஜாம் என்றது வரை எல்லாவற்றையும் கொட்டினேன்.

"செத்த உடம்பை வாசல்ல நிறுத்தி வச்சுச் சட்டம் பேச எப்படித்தான் மனசு வருதோ தெரியல. பெத்தவங்க இருக்காங்க, கட்டினவ இருக்கா, அவங்க மூஞ்சியைப் பார்த்தா வாய் வருமா? மனுஷங்களா இவங்கெல்லாம். நாளைக்கு அவங்க வீட்டுல ஒண்ணு நடந்தா தெரியும்."

அவள் புத்தகத்தைக் கண்ணாடிமேல் கவிழ்க்காமல் கையில் வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். முதல் பக்கத்தின் அடியைப் படித்தாள். திருப்பினாள். படித்தாள்.

"இது புதுசா வந்த சட்டமாக்கா?"

"எங்க புதுசு. எல்லா வருஷமும் இருக்கிறதுதான். எவனும் படிக்கிறதில்ல."

"ஏழு வருஷம் முன்னாடி புஸ்தகத்துலயும் இருந்திருக்குமா?"

"இருந்திருக்கும். ஏன்?"

அவள் புத்தகத்தைக் கவிழ்த்து மூடியைச் சாத்திப் பொத்தானை அழுத்தினாள். மிஷின் ஓடத் தொடங்கியது. தாள்கள் விழுவதைப் பார்த்துக்கொண்டேதான் பேசினாள், என் பக்கம் திரும்பவில்லை.

"எங்க பையனுக்குப் பதினோரு மாசம். நிமோனியா. வெள்ளிக்கிழமை ராத்திரி போயிட்டான். அப்போ நாங்க இந்தப் பக்கம் குடிவந்து கொஞ்ச நாள்தான், யாரையும் தெரியாது. சனிக்கிழமை காலையில நேரா கோயிலுக்குத்தான் கொண்டு வந்தோம். நீங்க படியில உக்காந்து குத்துவிளக்கு மாதிரி பெரிசா ஒண்ணைத் தேச்சிட்டு இருந்தீங்க. புளியோ எலுமிச்சையோ, கையெல்லாம் பச்சையா இருந்துச்சு."

எனக்கு எதுவும் நினைவுக்கு வரவில்லை. இதைத்தான் நான் முதலில் சொல்ல வேண்டும். இவளை எனக்கு நினைவே இல்லை. நான்கு வருடமாக இவள் கையால் தாள் வாங்கிக்கொண்டு போயிருக்கிறேன்.

"நீங்க எழுந்திரிச்சு நின்னு பேசுனீங்க. இன்னைக்கு அடக்கம் கிடையாதும்மான்னு சொன்னீங்க. அப்புறம் பெரிய சனிக்கிழமைன்னா என்னன்னு எனக்கு விளக்கமா சொன்னீங்க. இது மௌனத்தோட நாள், மாதா மகனைப் புதைச்சிட்டு அமைதியா காத்திருந்த நாள், நாமளும் அப்படித்தான் இருக்கணும்னு. நான் தலையாட்டிக் கேட்டேன்."

அப்போது வந்தது. பெண் முகம் வரவில்லை, பெரிய மெழுகுதிரியைத் தாங்கும் பித்தளைத் தண்டும் என் குரலும்தான் வந்தன. அந்த விளக்கம் எனக்கு மிகவும் பிடித்த விளக்கம். அதைச் சொல்லும்போது என் குரல் எப்படிக் கனியும் என்று எனக்கே தெரியும். ஞானோபதேச வகுப்பில் சொல்லியிருக்கிறேன், சாமியார்களிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். பிள்ளையைப் பறிகொடுத்து மறுநாள் காலையில் வந்து நின்ற ஒருத்திக்கு, பிள்ளையைப் பறிகொடுத்தவள் எப்படி இருக்க வேண்டும் என்று நான் பாடம் எடுத்திருக்கிறேன்.

"எப்படி மனசு வருதுன்னு கேட்டீங்கல்ல" என்றாள். "வந்துச்சுக்கா. உங்களுக்கு வந்துச்சு. நீங்க கோபமா எல்லாம் பேசல. நல்லாத்தான் பேசுனீங்க. அதான் எனக்கு மறக்கவே மாட்டேங்குது."

  அவள் தாள்களைத் தட்டி ஒழுங்குபடுத்தி, இரண்டிரண்டாகப் பின் அடித்தாள். ஒரு மூலைகூடப் பிசகாமல் பதினோரு ஜோடியும் அடித்து, புத்தகத்தை அதற்கு மேல் வைத்து நீட்டினாள்.

"உங்க அண்ணனை உள்ள கொண்டு போங்க" என்றாள். அதற்குள் அடுத்த ஆள் வந்துவிட்டார், ஏதோ பத்திரத்தை நகல் எடுக்க.

கடையிலிருந்து கோயில் ஐம்பது அடி தூரம். வரும்போது நான் மனப்பாடம் செய்து வைத்திருந்த பேச்சு ஒன்று இருந்தது. படித்தவர் என்று பெயர், ஒரு பக்கத்தைத் திருப்பத் தெரியவில்லையா என்று தொடங்கும். அலுவலகத்தில் செயலாளரும் சாமியாரும் இருந்தார்கள். தாளை மேசையில் வைத்தேன்.

"சார், அந்த வருஷம் நான் சொன்னது தப்பு. அடுத்த பக்கம் நான் படிக்கல."

அவர் இரண்டு பக்கத்தையும் விரலை வைத்து வரிவரியாகப் படித்தார். கணக்கு வாத்தியார் அல்லவா, கண்முன் இருக்கும் விடையை மறுக்கவில்லை. சாமியாரிடம் தள்ளினார். சாமியார் படித்துவிட்டுக் காது வரை சிவந்தார். "இதை நானே பார்த்திருக்கணும்" என்றார். ஆமாம், பார்த்திருக்க வேண்டும். சனிக்கிழமை ஒன்பது மணி என்று அங்கேயே முடிவானது. இரண்டே நிமிடம். காலையில் எத்தனை தூரமாகத் தெரிந்த விஷயம்.

"விடுங்க, ஒண்ணும் ஆயிரலை. நேரத்துக்குப் பார்த்துட்டோம்ல" என்றார் செயலாளர்.

"ஒண்ணும் ஆயிரலையா?"

"இல்ல, உங்க அண்ணன் விஷயத்துல சொல்றேன்."

"ஏழு வருஷமா என் பேரைச் சொல்லி எத்தனை பேரைத் திருப்பி அனுப்புனீங்க சார்?"

அவருக்கு முகம் மாறிவிட்டது. ஆனாலும் கேள்வி என்று ஒன்றைக் கேட்டால் விடை சொல்லாமல் இருக்க அவரால் முடியாது. விரலை மடக்கினார். "அந்தக் குழந்தை. அப்புறம் பெயிண்டரோட அப்பா, அது வெள்ளிக்கிழமை. அப்புறம் போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அந்த டீச்சர் அம்மா." மூன்றாவது விரலோடு நிறுத்தினார். "மூணு. இதை வெளிய யார்கிட்டயும் சொல்ல வேண்டாம் காலண்டரம்மா. தேவையில்லாம மனசு சங்கடம்."

காலையில் அவர்மேல் வந்த கோபம் பெரிய கோபம் என்று நினைத்திருந்தேன். அது ஒன்றுமே இல்லை. இந்த மூன்று விரலையும் பார்த்தபோது அவரை அறையலாம்போல் இருந்தது. அறைந்தால் முதலில் என் கன்னத்தில்தான் விழ வேண்டும், அதுவும் தெரிந்தது. அவராவது நான் சொன்னதை நம்பினார். நான் யார் சொன்னதை நம்பினேன்? என்னை. "சொல்லத்தான் போறேன் சார், மூணு வீட்டுக்கும் போய்ச் சொல்லுவேன்" என்றேன். அவர் சாமியாரைப் பார்த்தார். சாமியார் இந்த முறை தரையைப் பார்க்கவில்லை. "அம்மா சொல்லட்டும் சார், நானும் கூடப் போறேன்" என்றார். நல்லதுதான். அஞ்சு மாதம் பிந்தி வந்த முதுகெலும்பு.

அன்று மாலைச் சடங்கு முடிந்ததும் வழக்கம்போலப் பீடத்தை உரித்தேன். மேல்துணி, அடித்துணி, மெழுகுதிரிகள், பூத்தட்டு, எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் மொட்டைக் கல் மட்டும் நிற்கும். வருடா வருடம் இதைச் செய்யும்போது ஒரு பாட்டை முணுமுணுப்பேன். அன்று பாட்டு வரவில்லை. இருபத்திரண்டு வருடம் இந்தக் கல்லுக்கு எந்த நாளில் எதைப் போர்த்த வேண்டும் என்று கவலைப்பட்டிருக்கிறேன். படியேறி வந்தவளுக்கு உட்கார ஒரு நாற்காலி போடவில்லை. காலங்களைக் காப்பாற்றுகிறேன் என்று ஊரையே கரித்துக் கொட்டினேனே, அந்தக் காலங்கள் யாருக்காக வருகின்றன என்று ஒரு நாளும் கேட்டுக்கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை மகள் வந்தாள். சனிக்கிழமை ஒன்பது மணிக்கு அண்ணனைக் கொண்டு வந்தோம். மணி அடிக்கவில்லை, பாட்டு இல்லை, தெருவில் டயர் கடைக்காரர் காற்றடிக்கும் மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார். பட்டறை ஆட்கள் ஆறு பேர் தூக்கினார்கள். அண்ணன் ஓங்குதாங்கான ஆள், பெட்டியும் அப்படி. கோயில் கதவில் ஒரு பக்கம்தான் எப்போதும் திறந்திருக்கும், மறுபக்கத்தின் அடித்தாழ்ப்பாள் துருவேறி இறுகிக் கிடந்தது. ஒருவர் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டி அதைத் தூக்கினார். இரண்டு கதவும் திறந்தன. சாமியார் வாசலுக்கே வந்து தீர்த்தம் தெளித்து, "உள்ள வாங்க" என்றார். புத்தகத்தில் அப்படி ஒரு வார்த்தை கிடையாது. அண்ணனைப் பார்த்துத்தான் சொன்னார். அண்ணி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பெட்டிக்குப் பின்னால் நடந்தார். செவ்வாய்க்கிழமையிலிருந்து முதல் தடவையாக அவர் வாய்விட்டு அழுவதைக் கேட்டேன். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது, பொய் சொல்லக்கூடாது.

எல்லாரும் உள்ளே போனபிறகு திரும்பிப் பார்த்தேன். எதிர்ப்பக்க நடைபாதையில் அவள் நின்றுகொண்டிருந்தாள், கையில் கடைச் சாவி. எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. இறங்கி, தெருவைத் தாண்டிப் போனேன்.

"உள்ள வாம்மா."

"இல்லக்கா. கடை திறக்கணும்."

"அன்னைக்கு நான்" என்று தொடங்கினேன். இரண்டு நாளாக இந்த வாக்கியத்தைத்தான் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கையைக் கொஞ்சம் தூக்கினாள், நிறுத்தச் சொல்வதுபோல. என்னைப் பார்க்கவில்லை. கோயில் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு கதவையும் திறந்தாங்களா?"

"ஆமாம்மா. பெட்டி பெரிசு. ஒரு கதவுல போகாது."

"எங்களுக்கு ஒண்ணே போதும்" என்றாள். "எங்க வீட்டுக்காரரு அவனைக் கையில வச்சிருந்தாரு. அந்த ஒத்தக் கதவு அன்னைக்குத் திறந்துதான் கிடந்துச்சு. உங்களுக்குப் பின்னாடி பூத்தொட்டியைத் தூக்கிட்டு ஆளுங்க போயிட்டும் வந்துட்டும் இருந்தாங்க."

உள்ளே வாசகம் தொடங்கியிருந்தது. அண்ணி திரும்பி என்னைத் தேடுவது தெரிந்தது. அவள் சாவியை விரலில் மாட்டிக்கொண்டு, ஷட்டரைத் தூக்கக் கடையைப் பார்த்து நடந்தாள்.